விளைவைப் பார்க்க மறுக்கும் வாதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2025 அக்டோபர் 15 அன்று மறுவிசாரணைக்கு வந்த லூசியானா தொகுதி வரையறை வழக்கு, வாக்களிப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவுக்கே ஆபத்தாக வந்து நின்றது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவராக உள்ள அம்மாநிலத்தில், பிரதிநிதிகள் அவைக்கான ஆறு தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி 2022-இல் எல்லைகள் வகுக்கப்பட்டன. நீதிமன்றங்கள் தலையிட்ட பிறகே 2024-இல் இரண்டாவது தொகுதி கிடைத்தது. இனத்தைக் கருத்தில் கொண்டு வரையப்பட்டதால் அதுவே அரசமைப்புக்கு முரணானது என்கின்றனர் எதிர்ப்பவர்கள்.

நம் நாட்டின் தனித் தொகுதிகளைப் போன்றவை அல்ல இவை. எந்த இனத்தவரும் போட்டியிடலாம். ஒரு சமூகத்தின் வாக்குகளைச் சிதறடித்து வலுவிழக்கச் செய்யக்கூடாது என்பதே அச்சட்டத்தின் கோரிக்கை.

பாகுபாடு காட்டும் நோக்கத்தை நிரூபித்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடலாம் என்ற வாதமும் இவ்வழக்கையொட்டி வலுத்தது. இதுவே எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஏனெனில் இதே லூசியானா 1898-இல் இயற்றிய மாநில அரசமைப்பில், 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மகன்களுக்கும் பேரன்களுக்கும் எழுத்தறிவு, சொத்துத் தகுதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதே தவிர, அந்த விதியில் இனத்தின் பெயர் இல்லை. ஆனால் அந்த நாளில் அங்கே கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையே இல்லை என்பதால் விலக்கின் பயன் வெள்ளையர்களுக்கே கிட்டியது; 1896-இல் 1,30,000-க்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904-இல் 1,342 ஆகச் சுருங்கியது. சட்டத்தின் வாசகத்தில் நோக்கத்தைத் தேடியிருந்தால் அன்று யாரையும் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

அமெரிக்க நாடாளுமன்றம் இதை அறியாமல் இருக்கவில்லை. அலபாமாவின் மொபீல் நகர வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் நோக்கத்துக்குச் சான்று கேட்டபோது, பாகுபாடான விளைவே போதும் என்று 1982-இல் அது சட்டத்தைத் திருத்தியது. அதில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் ரீகன். சில மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாடு 2013 தீர்ப்பால் செயலிழந்துவிட்ட நிலையில், பாதிக்கப்பட்டவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இந்தத் திருத்தத்தைத்தான். அலபாமாவின் தொகுதி வரையறை குறித்த வேறொரு வழக்கில் 2023-இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இதே நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பின் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

இவ்வழக்கு பற்றிய செய்திகளை வெளியிடும்போது, வென்றது எக்கட்சி என்ற கணக்கோடு நிறுத்தாமல், இந்த 1982 திருத்தத்தின் வரலாற்றையும் வாசகர்களுக்கு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்