மாணவருக்கு முன் டெஸ்ட் கேஸைத் திருத்துங்கள்

வட சென்னைக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கும் லேப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

வியாசர்பாடியோ திருவொற்றியூரோ, மாணவர் ப்ரோகிராமில் டெஸ்ட் கேஸ்களை (ஓர் உள்ளீடும் அதற்கு வரவேண்டிய விடையும்) ஓட்டி இன்டர்னல் மார்க் போடும் எல்லா லேப்களுக்கும் இந்த மடல்.

மின்கட்டண ப்ரோகிராமையே எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடும். இதுதான் விதி என்றால், வழக்கமாக 50, 150, 300, 450, 650 என்று ஐந்து டெஸ்ட் வைப்போம். எல்லா வரியும் ஓடிவிடும், எத்தனை வரி ஓடியது என்று அளக்கும் கவரேஜ் 100 சதவீதம் காட்டும். ஆனால் 'units > 500' என்பதை 'units >= 500' என்று எழுதியவருக்கும் முழு மார்க் விழும், ஏனெனில் சரியாக 500 என்ற உள்ளீடே இல்லை. இலவச 100-ஐக் கழிக்க மறந்தவரோ அந்த ஒரே பிழைக்கு நான்கு டெஸ்டில் தோற்பார். கவரேஜ் வரி ஓடியதைச் சொல்லும்; விடை சரிபார்க்கப்பட்டதைச் சொல்லாது.

இதற்கு 1978-இலேயே டெமில்லோ, லிப்டன், சேவர்ட் மூவரும் வழி சொல்லிவிட்டார்கள். சரியான ப்ரோகிராமில் ஒரு சிறு பிழையை வேண்டுமென்றே புகுத்தி, டெஸ்ட் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. ஜாவாவில் பிட் (PIT), பைத்தானில் மியூட்மட் (mutmut) என்ற கருவிகள் இதைத் தானாகச் செய்யும். சி-க்குக் கையாலேயே மாற்றலாம்: '<'-ஐ '<=' ஆக, '&&'-ஐ '||' ஆக. முந்தைய ஆண்டு மாணவர்கள் உண்மையில் செய்த பிழைகள், பெயர் நீக்கி, இதைவிட நல்ல சோதனை. பிடிபடாத எல்லாமே டெஸ்டின் குறையல்ல. இங்கே 100-இல் '<=' என்பதை '<' ஆக்கினாலும் கட்டணம் பூஜ்யம்தான்; அதை விட்டுவிடுங்கள்.

எங்களை அதிகம் வருத்துவது மறுபக்கம்: சரியாக எழுதியும் தோற்பது. வரிக் கடைசியில் ஓர் இடைவெளி, 1725-க்குப் பதில் 1725.00, அவ்வளவுதான். பைத்தானில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004, பின்ன எண்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடக் கூடாது. எழுத்துச் சரங்கள் உள்ள செட்டை (வரிசையில்லாத் தொகுப்பு) அச்சிட்டால் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கணினி படிக்கும் பிள்ளை, மெஷின் 'தவறு' என்றால் தன் தர்க்கத்தையே சந்தேகிக்கும்.

அடுத்த செமஸ்டரிலிருந்து ஒவ்வொரு அசைன்மென்ட்டின் டெஸ்ட் ஃபைலோடும் வெவ்வேறு முறையில் எழுதிய மூன்று சரியான விடைகளையும், வெவ்வேறு பிழையுள்ள பத்துத் தவறான விடைகளையும் டெஸ்ட் எழுதியவரிடம் கேட்டு வாங்குங்கள். சரியான மூன்றையும் இருபது முறை ஓட்டுங்கள். ஒருமுறை தோற்றாலும், தவறான பத்தில் ஒன்று முழு மார்க் வாங்கினாலும், அந்த டெஸ்ட் ஃபைல் லேபுக்குப் போகக் கூடாது.

இப்படிக்கு,
வட சென்னையில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்