பாட்டு போய்விட்டது, திட்டாமல் படி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. எட்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று ஆரம்பிக்காதே, நீயும்தான் எழுதவில்லை. இப்போதும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, அந்த ஒலிப்பதிவு போய்விட்டது. வாத்தியார் பாட, நம்ம குட்டைப் பயல் நடுவில் இரும, நீ மூன்றாவது சரணம் மறந்துபோய் இரண்டாவதையே மறுபடி பாடினாயே, அதேதான். "நாளைக்கு அனுப்புகிறேன்" என்று எத்தனை தடவை சொன்னேன் என்று நீ எண்ணி வைத்திருப்பாய்.

போன வாரம் ஃபோனில் இடம் தீர்ந்துவிட்டது. எதைத் தூக்கலாம் என்று பார்த்தால் அந்த ரெக்கார்டர் ஆப் கண்ணில் பட்டது. ஆப் போனால் என்ன, பதிவுகள் அதன் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் இருக்குமே என்று ஃபைல் மேனேஜரில் பார்த்தேன். ஃபோல்டர் இருந்தது. திறந்து பார்க்கவில்லை. ஆப்பைத் தூக்கினேன். அப்புறம் திறந்தால் காலி.

என்றைக்கோ ஒரு அப்டேட்டில் "உங்கள் கோப்புகள் புதிய இடத்துக்கு மாற்றப்படும்" என்று வந்திருக்கிறது. வழக்கம்போலப் படிக்காமல் ஓகே அழுத்தியிருக்கிறேன். புதிய இடம் என்றால் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் டேட்டா, அதற்குள் அந்த ஆப்புக்கென்று ஒதுக்கிய தனி அறை. ஆப்பை நீக்கினால் அறையும் சேர்ந்து போய்விடுமாம்.

2019-ல் ஆண்ட்ராய்டு 10 வந்தபோது நீ இதைத்தானே மணிக்கணக்கில் புலம்பினாய்? ஃபோனில் கோப்புகள் இருக்கும் பொது இடத்தில் எல்லா ஆப்பும் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது, உன் ஆப்பையே திருப்பி எழுத வேண்டும் என்று. அந்த வருடம் விலக்குக் கேட்டுத் தப்பித்தாய், ஆண்ட்ராய்டு 11 வந்ததும் அதுவும் போயிற்று. அன்றைக்கு நான் கொட்டாவி விட்டேன். இன்றைக்கு நீ சிரிக்கலாம்.

இன்னொரு கூத்து கேள். குறிப்பு எழுதும் ஆப்பையும் அதே வேகத்தில் தூக்கிவிட்டு மறுபடி போட்டேன். திறந்தால் ஒரு குறிப்புகூட இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. ஃபைல் மேனேஜரில் பார்த்தால் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் எல்லாக் கோப்புகளும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன! தான் எழுதிய கோப்புகளே ஆனாலும், நீக்கிவிட்டு மறுபடி போட்டதால் இப்போது அந்த ஆப் அந்நியன். நான் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, "இந்த ஃபோல்டரைப் பயன்படுத்து" என்பதை அழுத்தி, அனுமதி கொடுத்த பிறகுதான் பெற்ற பிள்ளைகளை அதற்கு அடையாளம் தெரிந்தது.

சரி, பாட்டுக்கு வருகிறேன். மீட்டுத் தருகிறேன் என்ற ஆப்கள் மூன்றைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு உதட்டைப் பிதுக்கிவிட்டன. மூன்றாவது, எல்லாக் கோப்புகளையும் அணுக அனுமதி கேட்டது. ராத்திரி பன்னிரண்டு மணி, யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடு பயம் பிடித்துக்கொண்டது. அந்த ஃபோனில் அப்பாவின் மருத்துவ அறிக்கைகள் இருக்கின்றன, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் இருக்கிறது, அக்கா குழந்தைகளின் படங்கள் இருக்கின்றன. யார் செய்த ஆப் என்றே தெரியாது. உடனே பிடுங்கிவிட்டேன், அந்த ரெண்டு நிமிஷத்தில் என்ன நடந்ததோ. இத்தனைக்கும் அந்த அனுமதி இருந்தாலும் மற்ற ஆப்களின் டேட்டா அறைக்குள் அதால் நுழைய முடியாதாம். பாட்டை அது எப்படியும் தேடியிருக்கப் போவதில்லை.

முன்பெல்லாம் ஒரு டார்ச் லைட் ஆப்புக்குக்கூட இந்தச் சாவியை நாம் கேள்வி கேட்காமல் கொடுத்துக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? 2015-ல் ஆண்ட்ராய்டு 6 வரும்வரை இன்ஸ்டால் செய்யும்போதே மொத்தமாகத் தலையாட்டியாக வேண்டும். அதனால், உன் புலம்பலுக்கு இவ்வளவு வருடம் கழித்துப் பதில் சொல்கிறேன்: கட்டுப்பாடு சரிதான்டா. நான் பாட்டை இழந்த பிறகும் சரிதான். ஆனால் அறையை மாற்றும்போது, "ஆப்பை நீக்கினால் இதெல்லாம் போய்விடும்" என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம். நீ எழுதும் ஆப்பிலாவது போடு.

இப்போது ஒரு வேலை. அன்றைக்குக் குட்டையும் தன் ஃபோனை நீட்டிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம். நான் கேட்டால் பழைய கணக்கை எடுப்பான், நீ கேள். அந்த ஃபோன் இன்னும் அவனிடம் இருந்தால் எந்த ஆப்பையும் நீக்க வேண்டாம் என்று முதலில் சொல். அப்புறம், ஆப்பைத் திறந்து உள்ளிருந்தே பகிரச் சொல். இருமலை வெட்டிவிட்டு அனுப்பப் போகிறான், முழுசாக வேண்டும் என்று சொல்.

அன்புடன்,
உன் சோம்பேறி