இரத்தக் கொடையாளர் பதிவேட்டை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் இரத்தக் கொடையாளர் பதிவேடு மீண்டும் முழுமையாக இயங்குகிறது. கவலையோடு விசாரித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மீட்டவர்கள் தங்கள் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயரை விட்டுவிடுகிறேன், செய்த உதவியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பதிவேட்டில் திருத்தம் செய்ய எழுதப்பட்ட ஒரு கட்டளையில், யாருடைய விவரத்தை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை விடுபட்டிருந்தது. அது ஓடி முடித்தபோது பதிவேட்டில் இருந்த அத்தனை பேரும் ஓ பாசிட்டிவ் ஆகியிருந்தார்கள். ஒரு பெயர்கூட அழியவில்லை. பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. மருத்துவமனையில் பரிசோதிக்காமல் இரத்தம் ஏற்ற மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் ஓ நெகட்டிவ் கேட்டு அழைப்பவரிடம் யாருடைய எண்ணைக் கொடுப்பது? துணைக்கு வைத்திருந்த நகல் சர்வரும் கைகொடுக்கவில்லை. மூல சர்வரில் நடப்பதை அது அந்த நொடியே தானும் செய்துகொள்ளும். பிழையையும் அப்படியே வாங்கிக்கொண்டது.

"எதையும் தொடாதீர்கள். சர்வரை நிறுத்திவிட்டு, தரவுக் கோப்புறை முழுவதையும் அப்படியே வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்" என்று தொலைபேசியில் சொன்ன கல்லூரி மாணவிக்கு என் முதல் நன்றி. தங்கையே, எல்லோரும் அவசரப்பட்ட நேரத்தில் நீங்கள் அதில் விடாப்பிடியாக நின்றீர்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த நகல்தான். அது எப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் பதிவேடு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இயங்குகிறது. அது எந்த மாற்றத்தையும் முதலில் லாக் கோப்பில், அதாவது நடப்பதை வரிசையாகக் குறித்து வைக்கும் கோப்பில், எழுதிவிட்டுத்தான் தரவுக் கோப்புகளில் சேர்க்கும். அந்த லாக் வழக்கமாக 16 மெகாபைட் கோப்புகளாக நீண்டுகொண்டே போகும். ஒரு முழு பேக்கப்பும், அதற்குப் பிந்தைய லாக் கோப்புகள் ஒன்றுவிடாமலும் கையில் இருந்தால், நடந்தவற்றை வரிசையாக மீண்டும் நிகழ்த்தி, வேண்டிய நொடியில் நிறுத்திக்கொள்ளலாம். இடையில் ஒரு கோப்பு இல்லாவிட்டாலும் அதற்கு மேல் நகர முடியாது.

எங்களிடம் முந்தைய நாள் இரவு எடுத்த பேக்கப் இருந்தது. லாக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் கணினியிலோ, அன்று காலை இணைப்பு அறுந்ததற்குப் பிந்தைய கோப்பு ஒன்றுகூட இல்லை. அதைக் கண்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

இங்கேதான் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். கோப்புகளை அனுப்பும் கட்டளையை எழுதிக் கொடுத்தவர் அவர். கோப்பு மறுமுனையில் பத்திரமாகச் சேர்ந்தால் மட்டுமே வெற்றி என்று அறிவிக்கும்படி அதை அமைத்திருந்தார். தோல்வி என்று தெரிந்தால் போஸ்ட்கிரெஸ் அந்தக் கோப்பை அழிக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். அனுப்பப்படாத கோப்புகள் அத்தனையும் மூல சர்வரிலேயே காத்திருந்தன. தங்கை எடுக்கச் சொன்ன நகலிலும் இருந்தன. ஐயா, சேராத கோப்பைச் சேர்ந்ததாகச் சொல்லும் கட்டளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய அந்த ஒரு வரிக்கு எங்கள் ஊரே கடமைப்பட்டிருக்கிறது.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அண்ணன் தம் கணினி ஒன்றை ஒழித்துக் கொடுத்தார். போஸ்ட்கிரெஸின் அதே பதிப்பை அதில் நிறுவி, பேக்கப்பை விரித்து, லாக் கோப்புகளை ஓடவிட்டோம். பிழை நடந்த நேரத்தை லாக்கிலிருந்தே தேடி எடுத்துத் தந்ததும் அந்த மாணவிதான். அதற்குச் சற்று முன்பாகவே நிறுத்தும்படி குறித்தோம். குறித்த இடத்தில் மீட்பு தானாக நின்று, படிக்க மட்டும் அனுமதிக்கும். அங்கிருந்து இன்னும் முன்னே நகர்த்தலாம். கடந்துவிட்டால் பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஏ நெகட்டிவ், பி பாசிட்டிவ், ஏபி என்று வகைகள் பழையபடி திரையில் வந்தபோது அண்ணன் கைதட்டிவிட்டார்.

பிழை நடந்ததற்கும் சர்வரை நிறுத்தியதற்கும் இடையில் முகாமில் சேர்ந்த புதியவர்களின் விவரங்கள் மிச்சம் இருந்தன. அவற்றைக் காகிதப் படிவங்களோடு ஒப்பிட்டு மீண்டும் பதிந்த தன்னார்வலர்களுக்கும் நன்றி. கண் வலிக்கும் வேலை அது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

நேரில் பார்த்திராத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 2001இல் வெளியான 7.1 பதிப்பில் இந்த லாக் முறையைப் போஸ்ட்கிரெஸுக்குள் கொண்டுவந்த வாடிம் மிகேயெவ் ஒருவர். வேண்டிய நொடிக்கு மீட்கும் வசதி 2005 ஜனவரியில் 8.0 பதிப்போடு வந்தது. அதற்காக உழைத்த சைமன் ரிக்ஸ் 2024இல் விமான விபத்தில் மறைந்துவிட்டார். லாக்கைக் கொண்டு தரவை மீட்கும் கலைக்கே அடிப்படையாகப் பேசப்படும் ஏரீஸ் ஆய்வுக்கட்டுரை 1992இல் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன். போஸ்ட்கிரெஸ் அதை அப்படியே பின்பற்றவில்லை என்றாலும், அவர் பெயரை இங்கே எழுதுவதில் எனக்குப் பெருமை.

இனி மாதந்தோறும் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பொறுப்பை ஐயாவும் தங்கையும் ஏற்றிருக்கிறார்கள். அன்று காலை முகாமில் பதிந்தவர்கள் ஒருமுறை அழைத்து, தங்கள் இரத்த வகையையும் தொலைபேசி எண்ணையும் எங்களோடு சரிபார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பதிவேட்டுப் பராமரிப்பாளர்