நீ பொருத்திய விசிறி

கந்தப்பளை
பெப்ரவரி 9

அன்புள்ள மச்சான்,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் போடாமல் இருந்தது என் தவறுதான். அதற்கான சாக்குகளை நேரில் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். சின்னவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், அல்லது படிப்பதாகச் சொல்கிறாள். கட்டையன் மறுபடியும் மீசை வைத்திருக்கிறான். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறெதையும் எழுத முடியாது. இன்று நான் பேனாவை எடுத்தது ஒரு மரணச் செய்தியைச் சொல்லத்தான். பதினொரு ஆண்டுகளுக்கு முன் நீ வந்து, அம்மா சுட்ட உளுந்து வடையைத் தின்றுகொண்டே எங்கள் குளியலறைச் சீலிங்கில் பொருத்திவிட்டுப் போன எக்ஸோஸ்ட் ஃபேன் சென்ற மாதம் உயிரை விட்டது.

திடீர் மரணம் அல்ல. கடந்த மழைக்காலத்திலேயே அதற்குத் தொண்டை கட்டிவிட்டது. முதலில் தேனீக் கூட்டம் போல இரைந்தது. பிறகு அம்மியில் கல்லுப்பு நெரிபடுவது போலச் சத்தமிட்டது. கடைசியில் ஆளியைப் போட்டால் முனகிக்கொண்டு அப்படியே நிற்கும், நான் ஸ்டூலில் ஏறி விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு தள்ளுத் தள்ளினால்தான் இறக்கை சுற்றத் தொடங்கும். கண்டென்ஸர் பலவீனப்பட்டால் இப்படித்தான் செய்யும் என்று கேள்விப்பட்டு, நுவரெலியாவுக்குப் போய் ஒன்று வாங்கி வந்து மாற்றினேன். இரண்டு கிழமை ஓடியது. பிறகு கழற்றித் தண்டைப் பிடித்துப் பார்த்தால், அதைத் தாங்கும் புஷ்ஷுக்குள் அது ஆறு வயதுப் பிள்ளையின் பால் பல்லைப் போல ஆடுகிறது. எண்ணெய் எப்போதோ வற்றிப் போயிருந்தது. அந்த இடத்தில் முகப்பவுடரும் தலைமுடியும் நீராவியும் சேர்ந்து பிசைந்த சாம்பல் நிறக் களிதான் இருந்தது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். எனக்கு மரியாதை செய்வதற்காக மூன்று நாள் ஓடிவிட்டு, நான்காம் நாள் நின்றுவிட்டது.

நின்றதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இன்னும் ஆறு மாதம் சோம்பலாக இருந்திருப்பேன். ஆனால் விளக்குக்கும் விசிறிக்கும் ஒரே ஆளி போதும் என்பது உன் சிக்கன யோசனை அல்லவா? அம்மா இருட்டில் தடுக்கி விழக் கூடாது என்பதற்காக இரவு முழுவதும் அந்த விளக்கை எரியவிடுவது எங்கள் வழக்கம். அதிகாலை மூன்று மணிக்கு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். வீடெல்லாம் வார்னிஷ் கருகும் வாடை. சுற்ற முடியாமல் இறுகிய மோட்டாருக்குள் மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் அது சூடாக மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சூட்டைத் தணிக்க இறக்கையின் காற்றும் இல்லை. அதற்கு ஒரு முழம் மேலே காய்ந்த மரச் சட்டங்களும் எலி சேர்த்து வைத்த பழந்துணிகளும் கிடந்தன என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றிரவு மெயின் ஆளியை அணைத்துவிட்டு விடியும்வரை அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கரண்ட் வேலை செய்யும் பாஸ் வந்தார். மெயினை அணைக்கும் முன் ஏனோ சந்தேகப்பட்டு, அறை ஆளியை மட்டும் அணைத்துவிட்டு விசிறியின் வயரில் டெஸ்டரை வைத்தார், டெஸ்டரின் விளக்கு எரிந்தது. நீ மின்சாரம் வரும் சிவப்பு வயரை நேராக விசிறிக்கும் விளக்குக்கும் கொடுத்துவிட்டு, ஆளியை அது திரும்பிப் போகும் கறுப்பு வயரில் போட்டிருந்தாய். பதினொரு வருடங்களாக அது அணைந்திருந்த நேரத்திலும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஈரக் கையோடு அதைத் துடைத்தவர்கள் இந்த வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கையை உனக்குச் சொல்லப் போவதில்லை. உன் வத்தளை வீட்டு வயரிங்கும் உன் கைவண்ணம்தான் என்றால் இந்தக் கிழமையே ஒரு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். இதில் நான் கேலி செய்யவில்லை.

இனித்தான் முக்கியமான விஷயம். எங்கள் கூரைக் கதை உனக்கு நினைவிருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குக் காற்றோடு கொட்டுகிற மழைக்கு ஒரு சொட்டும் ஒழுகாத தகரம், தை மாசியில் வானம் துடைத்துவிட்டது போலக் கிடக்கும் இரவுகளில் அம்மாவின் அறைக்குள் டொக், டொக் என்று சொட்டும். ஆணித் துவாரம்தான் காரணம் என்று தொலைபேசியில் அடித்துச் சொன்னவன் நீ. தார் பூசு என்றாய். மூன்று தடவை பூசினேன். அதுவும் சரிவராமல், மூன்று வருடங்களுக்கு முன் கீழ் லயத்துக் கூரை பாஸைக் கூப்பிட்டு ஆணிகளை மாற்றி, இரண்டு தகரங்களையும் புதிதாகப் போட்டேன். அடுத்த ஜனவரியில் மீண்டும் சொட்டியது. வேலை சரியில்லை என்று சொல்லி, அவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் ஐயாயிரம் ரூபாயை நிறுத்திக்கொண்டேன். அவருடைய மகன் பக்கத்தில் நிற்கும்போதே, சொல்லக் கூடாத ஒரு வார்த்தையையும் சொன்னேன்.

கரண்ட் பாஸ் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்துக்குள் டோர்ச் லைட்டோடு தலையை நுழைத்தவர் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு "ஐயா, நீங்களே ஏறிப் பாருங்க" என்றார். ஏறிப் பார்த்தேன். தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் வரிசை வரிசையாக நீர்த்துளிகள், வியர்த்த நெற்றியைப் போல. விசிறிக்கு நேர் மேலிருந்த சட்டங்கள் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருந்தன. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சரிவோடு இறங்கி, அம்மாவின் அறைக்கு மேலுள்ள குறுக்குச் சட்டத்தில் தடைப்பட்டு, அங்கிருந்து கீழே சொட்டிக்கொண்டிருந்தன.

சுவரில் துவாரம் போட்டால் மழைச்சாரல் உள்ளே வரும், ஆவி மேலே போகிற சாமான், மேலேயே போகட்டும் என்று நீ சொன்னாயே, நினைவிருக்கிறதா? போயிற்று. சீலிங் வரைக்கும்தான் போயிற்று. இரவு எட்டு மணிக்குச் சுடுதண்ணீரில் குளிக்கிற மூன்று பேருடைய ஆவியையும் உன் விசிறி வெளியே தள்ளாமல் கூரைக்குள் அடைத்துவைத்தது. மேகம் மூடிய இரவில் தகரம் ஓரளவுக்கு மேல் குளிர்வதில்லை. வானம் தெளிந்த இரவில் அது தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அந்தக் குளிர்ந்த தகரத்தில் ஆவி பட்டால் தண்ணீராகாமல் என்ன செய்யும்? அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பானையின் மூடியைப் பார்க்கிற யாருக்கும் விளங்கக்கூடிய சங்கதி இது. இரண்டு பேர் விஞ்ஞானம் படித்தோம் மச்சான், அதிலே ஒருவனை ஊரே "இன்ஜினியர்" என்று கூப்பிட்டது.

புதிதாக வாங்கியது பெரிய விசிறி அல்ல. ஆறடிக்கு ஏழடி அறை, எட்டடி உயரம், மொத்தம் 336 கன அடி; மணிக்கு எட்டுத் தடவை காற்று மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 45 கன அடியை வெளியே தள்ளினால் போதும் என்று சின்னவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். (ஆகவே படிக்கத்தான் செய்கிறாள்.) விசிறியைவிடக் குழாய்க்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். நாலு அங்குலப் பிவிசி குழாயை வளைவில்லாமல் காற்று மறைவான கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோய், உள்ளே படியும் தண்ணீர் விசிறிக்குத் திரும்பி வராதபடி வெளிப்பக்கமாகச் சற்றுச் சரித்து, கூரைக்குள் இருக்கும் பகுதிக்கு ஸ்பொஞ்ச் சுற்றி, வெளி வாயில் காற்றுக்குத் திறந்து மூடும் தட்டியும் எலிக்கு வலையும் வைத்தோம். ஓட்டிப் பார்த்தால் இழுவையே இல்லை. குளிர் வருகிறது என்று அம்மா கதவின் அடியில் ஒட்டி வைத்திருந்த ரப்பர்ப் பட்டிதான் காரணம்; உள்ளே வரக் காற்று இல்லாமல் எதை வெளியே தள்ளும்? பட்டியை உரித்துவிட்டு, பத்திரிகைத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து விசிறியின் சல்லடைக்கு அருகே கொண்டுபோனேன். என் விரலிலிருந்து பறித்துக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது. வெட்கமில்லாமல் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது விசிறிக்குத் தனி ஆளி, சிவப்பு வயரில். குளித்த பிறகும் இருபது நிமிடம் ஓட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கரண்ட் பில் ஏறும் என்று அம்மா முணுமுணுத்தார்கள். 20 வாட் விசிறி அப்படி 150 தடவை ஓடினால்தான் ஒரு யூனிட் என்று விளக்கினேன். அதற்குள் ஆளியை அணைத்துவிட்டார்கள்.

சென்ற வியாழன் விடியலில் கோவாப் பாத்திகளெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. அம்மாவின் அறையில் வாளி வைக்காத முதல் உறைபனி இரவு அது. ஸ்டூலைப் போட்டு ஏறிச் சீலிங்கைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த பேச்சு வாசலில் மறந்துபோயிற்று; விசிறி, ஆவி, தகரம் என்று ஏதோ உளறினேன். "மழ இல்லாம ஒழுகுனா அது கூரையோட குத்தமில்லன்னு அன்னைக்கே சொன்னேனே ஐயா" என்றார் அவர். உண்மைதான், சொன்னார். கூலிக்காகச் சொல்கிற சாக்கு என்று நான்தான் நினைத்தேன். பணத்தை இரண்டு தடவை எண்ணிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் போட்ட அந்த ரெண்டு தகரமும் நல்லா இருக்குதா?" என்று கேட்டார். நல்லா இருக்கிறது என்றேன். அவருடைய மகன் உள்ளே இருந்தான், வெளியே வரவில்லை.

கணக்கின்படி அதில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் உன் பங்கு. தார் டின் மூன்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். பழைய விசிறியை எறியாமல் அட்டைப் பெட்டியில் போட்டு உனக்காக வைத்திருக்கிறேன். சித்திரை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வா. அம்மா வடை சுடுவார்கள், திருப்புளியை மட்டும் வத்தளையிலேயே விட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
ஈரச்சட்டை