பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டி-34/85 என்ற சோவியத் டேங்கின் பிளாஸ்டிக் மாடலில் உடல் மூட்டியாகிவிட்டது, டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி) தனியாக நிற்கிறது, செயின் இன்னும் ஃப்ரேமிலேயே (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே) இருக்கிறது. இந்த வாரமே பச்சை பெயின்ட் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. பெயின்ட் எதையும் மூடி மறைக்காது. பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தப்பிய கீறல்கூட ஒரே நிறம் ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள். உன் கையில் இருக்கும் டேங்கில் இரண்டு வகை முரடு இருக்கிறது. ஒன்று 1944-இல் சோவியத் தொழிற்சாலை விட்டுப்போனது: டரட்டின் வார்ப்புச் சொரசொரப்பு, வெல்டிங் தழும்பு, கேஸில் அறுத்த தகட்டு விளிம்பு. இன்னொன்று மாடல் கம்பெனியின் அச்சு விட்டது: பிசிறு, அச்சு சேரும் கோடு, பாகத்தை வெளியே தள்ளும் ஊசியின் வட்டத் தடம், வெட்டிய இடத்துக் கட்டை. முதல் வகையைக் காப்பாற்ற வேண்டும், இல்லாத இடத்தில் நாமே சேர்க்க வேண்டும். இரண்டாவது வகையைச் சுவடு தெரியாமல் ஒழிக்க வேண்டும். எந்தக் கோடு எந்தக் கணக்கில் வருகிறது என்று முடிவு செய்யாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதே. எல்லாவற்றையும் வழவழவென்று தேய்த்துவிட்டால் மிஞ்சுவது பொம்மை, டேங்க் இல்லை.

இந்த முடிவுக்குப் போட்டோ வேண்டும். டி-34/85-ஐ நிஷ்னி தாகிலில் 183-ஆம் தொழிற்சாலை, கோர்க்கியில் 112, ஓம்ஸ்கில் 174 என மூன்று இடங்களில் செய்தார்கள். டரட் வார்ப்பு, முன் மட்கார்டின் வடிவம், கைப்பிடிகள் இருக்கும் இடம் எல்லாம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். கமாண்டரின் மூடி ஆரம்பத்தில் இரண்டாகப் பிரிந்து திறந்தது, பிறகு ஒரே மூடியாக வந்தது. மாடல் கிட்டில் இரண்டு வகையும் கொடுத்திருப்பார்கள். கண்ணுக்கு அழகாக இருப்பதை ஒவ்வொன்றாகப் பொறுக்கினால், எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளிவராத ஒரு வண்டி உருவாகும். ஒரே ஒரு டேங்கின் பழைய போட்டோவைத் தேர்ந்தெடு. அதை மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டு அதற்குக் கட்டுப்படு.

கூடவே 35-ஆல் பெருக்கும் பழக்கமும் வேண்டும். உன் மாடல் 1/35. மாடலில் 1 மி.மீ. தடிமன் இருக்கும் மட்கார்டு நிஜத்தில் 35 மி.மீ. ஆகிவிடும். உண்மையில் அது வளைந்து நசுங்கும் மெல்லிய தகடு. 45 மி.மீ. கவசத் தகடு உன் மாடலில் 1.3 மி.மீ.தான். நீ எது சேர்த்தாலும், எதைச் சுரண்டினாலும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார். (1/35 என்ற விசித்திரமான அளவே, 1960-களின் தொடக்கத்தில் டாமியா கம்பெனி தன் பேந்தர் டேங்குக்குள் மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் பார்த்ததில் வந்தது. அந்தக் காலத்து அச்சுகளில் அடிப்பகுதியில் சுவிட்ச் ஓட்டைகள் இருக்கும். உன் கிட்டிலும் இருந்தால் உள்பக்கமாக பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, வெளியே பட்டி பார்த்து அடைத்துவிடு. செயினுக்கு மேலே, உடலின் பக்கவாட்டு அடிப்பாகம் திறந்திருந்தால் அதையும் 0.5 மி.மீ. ஷீட்டால் மூடு. சாய்த்துப் பார்ப்பவருக்கு டேங்கின் வயிற்றுக்குள் வெளிச்சம் தெரியக் கூடாது.)

இனிமேல் பாகங்களை வெட்டும்போது நிப்பரை (வெட்டும் குறட்டை) ஒட்ட வைக்காதே. ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்து உள்ளே பிய்ந்துவரும். அந்தப் பள்ளத்தை அடைக்கத் தனி வேலை. முதலில் 2 மி.மீ. விட்டு வெட்டு, பிறகு இன்னொரு வெட்டு, மிச்சத்தைக் கத்தியால் சீவி 400, 600 நம்பர் உப்புத்தாளில் முடி. கத்தியில் பிளேடு மழுங்கினால் உடனே மாற்று. மழுங்கின பிளேடுக்குத்தான் அழுத்தம் அதிகம் கொடுப்போம், வழுக்கி விரலில் இறங்குவதும் அப்போதுதான்.

பசை மூன்று வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடும் எக்ஸ்ட்ரா தின்: இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, மூட்டின் ஓரத்தில் பிரஷ் நுனியைத் தொட்டால் தானே உள்ளே ஓடும். உன் விரல் அந்த மூட்டின் மேல் இருந்தால் பசை விரலுக்கடியிலும் ஓடி ரேகையைப் பதித்துவிடும். உன் போட்டோவில் எஞ்சின் மூடியின் இடது ஓரத்தில் அப்படி ஒன்று தெரிகிறது. நன்றாகக் காய்ந்தபின் 600-இல் தேய். அடுத்தது கெட்டியான சாதாரண மாடல் சிமென்ட். மெதுவாகக் காயும், செயினுக்கு இதுதான். பித்தளைக்கும் செம்புக்கும் சூப்பர் க்ளூ. முதல் இரண்டும் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுபவை. மூட்டை ஒரு நாள் முழுக்கக் காயவிடாமல் அவசரப்பட்டுத் தேய்த்தால், அப்போது சமமாகத் தெரியும். பிறகு கரைந்த பகுதி காய்ந்து சுருங்கும்போது கோடாகப் பள்ளம் விழும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள், ஆவி தலைவலி தரும்.

பட்டிக்கும் இதே கதை. டியூப் பட்டி காயும்போது சுருங்கும். ஆழமான இடைவெளியில் ஒரேயடியாக அப்பாதே. முதலில் பிளாஸ்டிக் துண்டைச் செருகு, மேலே மெல்லிய பட்டி இரண்டு தடவை. சூப்பர் க்ளூவால் அடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். விட்டால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, சுற்றியுள்ள இடம்தான் தேய்ந்து குழியாகும்.

பீரங்கிக் குழலை இன்னொரு தடவை பார். 85 மி.மீ. பீரங்கிக்கு நுனியில் மசில் பிரேக் (சுடும்போது பின்னுதைப்பைக் குறைக்கும் உறுப்பு) கிடையாது, வெறும் குழல். ஆகவே வாய் வட்டமாக இல்லாவிட்டால் எதுவும் அதை மறைக்காது. இரண்டு பாதியாக வந்த குழலில் மூட்டை மட்டும் தேய்த்தால் குழல் முட்டை வடிவமாகிவிடும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் குழலைச் சுற்றிப் பிடித்து, குழலைச் சுழற்று. வாயின் துளை 2.4 மி.மீ. இருக்க வேண்டும், நடுவில் ஊசியால் குத்தி, 1 மி.மீ. ட்ரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கு. கடைந்தெடுத்த அலுமினியக் குழல் தனியாகக் கிடைக்கும். இந்த டேங்குக்கு அதற்குச் செலவு செய்யலாம்.

இனி டரட். பக்கச் சுவர்களும் பீரங்கியின் கவசமும் வார்ப்பு; மேற்கூரை உருட்டிய தகடு, உள்ளே பொருத்தி வெல்டிங் வைத்தது. எனவே சுவர் சொரசொரப்பாகவும் கூரை வழவழப்பாகவும் இருக்க வேண்டும். பலரும் டரட் முழுக்கச் சொரசொரப்பாக்கி இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். டிரைவரின் மூடியும் முன் மெஷின்கன் குமிழும் வார்ப்புதான். மற்றபடி உடல் தகடுகள் தட்டையாகவே இருக்கட்டும்.

கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடு. மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான பிரைமரை ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி லேசாகக் கெட்டியாக விடு. முடி குட்டையாக வெட்டிய பழைய பிரஷால் ஒற்று, இழுக்காதே. இழுத்தால் பிரஷ் கோடு விழும். ஒரு கட்டைவிரல் நகம் அளவு இடத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ, ஏனென்றால் ஒரு நிமிடத்தில் தோல் கட்டிவிடும், அதன்மேல் மறுபடி ஒற்றினால் நூல் நூலாக எழும். முழுக்கக் காய்ந்ததும் 400 உப்புத்தாளால் மேல் முனைகளை மட்டும் லேசாகத் தட்டு. மேடு 0.3 மி.மீ. இருந்தாலே நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டி, அது அதிகம். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் தெரிய வேண்டும், நேர் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மறைய வேண்டும். சுவரைச் சுற்றி ஓடும் வார்ப்பு மூட்டுக்கோடு நிஜ டேங்கிலும் உண்டு. உன் போட்டோவில் இருந்தால் அதைத் தேய்த்து அழித்துவிடாதே. அதேபோல் வார்ப்பு எண்கள் தெரிந்தால், ஃப்ரேமில் எழும்பி நிற்கும் பாக எண்களைக் கத்தியால் தோலாகச் சீவி எடுத்து, ஒரு பொட்டு எக்ஸ்ட்ரா தின் வைத்து ஒட்டலாம்.

கூரையைச் சுற்றிய வெல்டிங்கை ஃப்ரேமிலிருந்தே செய்யலாம். ஃப்ரேம் துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே சுழற்றி, இளகியதும் தீயிலிருந்து விலக்கி நிதானமாக இழு. 0.4 மி.மீ. நூல் வரும். மூட்டில் கத்தியால் ஆழமில்லாத பள்ளம் கீறி, நூலை அதில் பாதி புதையும்படி வைத்து, எக்ஸ்ட்ரா தின் ஓடவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறு. இளகியதும் கத்தியின் வளைந்த முதுகால் நெருக்கமாக, ஒரே சாய்வில் அழுத்திக்கொண்டே போ. கையால் வைத்த வெல்டிங் என்பதால் இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருப்பதுதான் சரி.

மட்கார்டுகளின் விளிம்பை அடிப்பக்கமாகச் சுரண்டி மெலிதாக்கு. வெளியே தெரியும் ஓரம் மெலிந்தால் போதும். கைப்பிடிகளை பிளாஸ்டிக்கில் விடாதே. காலாட்படை வீரர்கள் தொற்றிக்கொண்டு போன கம்பிகள் அவை, எளிதில் உடையும், அச்சுக்கோட்டைத் தேய்க்கவும் முடியாது. 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை ஒரே மரத்துண்டில் மடக்கினால் எல்லாம் ஒரே அளவில் வரும். கைட்ரில்லில் 0.5 மி.மீ. துளை போட்டுச் செருகு. பின்பக்க எஞ்சின் வலைக்குப் போட்டோ எட்ச் பித்தளை (அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய தகட்டுப் பாகம்) வாங்கு. வளைவான பாகத்தை அடுப்புத் தீயில் ஒரு நொடி காட்டி ஆறவிட்டால் முரண்டு பிடிக்காமல் வளையும். கறுத்ததை வினிகரில் துடைத்துவிடு. வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள், அந்தத் துண்டுகள் தெறிக்கும். இழுவைக் கயிற்றுக்கு மெல்லிய செம்பு இழைகளை முறுக்கு. பருத்தி நூலின் பூம்பிசிறு பெயின்ட்டில் விறைத்து நிற்கும்.

அதிக நேரம் எடுப்பது சக்கரமும் செயினும். ஐந்து ஜோடி சக்கரத்தின் அச்சுகளையும் ஒட்டி, சக்கரங்களை ஒட்டாமல் செருகி, பசை இளகி இருக்கும்போதே உடலைக் கண்ணாடித் தட்டின் மேல் வை. ஒரு சக்கரம் அரை மி.மீ. தூக்கினாலும் அத்தனை எடையுள்ள டேங்க் மிதப்பதுபோலத் தோன்றும். சக்கரங்களின் வெளி முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார். செயினின் பற்கள் ஜோடிச் சக்கரங்களுக்கு நடுவே போக வேண்டியவை, ஒன்று தள்ளி நின்றால் செயின் ஏறாது. முன்னால் இருக்கும் ஐட்லரின் (செயின் சுற்றித் திரும்பும் சக்கரத்தின்) கையை இப்போது ஒட்டாதே. நிஜத்தில் செயினை இறுக்குவது அதுதான், உனக்கும் கடைசியில் அதுவே உதவும்.

ஒரு பக்கத்துக்கு 72 கண்ணிகள், பல் உள்ளதும் இல்லாததும் மாறி மாறி. செயினை ஓட்டும் பின்சக்கரம் (பின்னால் இருப்பது) கண்ணியைப் பல்சக்கரம்போல ஓட்டையில் கவ்வாது. அதன் உருளைகள் செயினின் பற்களைத் தள்ளுகின்றன. அதனால் ஒவ்வொரு பல்லும் இரண்டு உருளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணிகளை இணைக்கும் பின்களின் (இரும்பு ஊசிகளின்) தலை உடல் பக்கமாக இருக்கும். நழுவி வரும் பின்னைத் திரும்ப உள்ளே தட்டிவிட, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உடலிலேயே ஒரு சாய்வுத் தகடு உண்டு. உன் கிட்டின் கண்ணிகளில் பின் தலை இருந்தால் இடது, வலது செயினை மாற்றிவிடாதே.

மாஸ்கிங் டேப்பின் மேல் ஸ்கேலின் ஓரமாகக் கண்ணிகளை நேராக அடுக்கி, கெட்டிச் சிமென்ட் வை. அரை மணி நேரத்தில் பசை பிடித்திருக்கும், ஆனால் வளையும். அப்போது சக்கரங்களில் சுற்று. இந்த டேங்கில் மேலே தாங்கும் உருளைகள் கிடையாது. மேல் செயின் சக்கரங்களின் தலையில் படுத்து, இடையிடையே தொய்ந்து ஓடும். மட்கார்டுக்கும் செயினுக்கும் நடுவே பஞ்சைத் திணித்துத் தொய்வை அழுத்திப் பிடி, ராத்திரி முழுக்க விடு. மேலே மட்கார்டுக்கடியில் ஒரு மூட்டையும் தரையில் ஒரு மூட்டையும் ஒட்டாமல் விட்டால், காய்ந்ததும் முன் பாதி, பின் பாதி என்று இரண்டாகக் கழற்றி எடுக்கலாம். 72-இல் ஒரு கண்ணி மிஞ்சினால் பதறாதே. பின்கள் தேய்ந்து செயின் நீளும்போது நிஜத்திலும் கண்ணியைக் கழற்றுவார்கள்.

பெயின்ட்டுக்கு முன் ஒட்டக் கூடாதவை: சக்கரம், செயின், வலை (அதற்கடியில் தெரியும் தகடுகளுக்கு முதலில் நிறம் வேண்டும்), டீசல் டிரம்கள், ரம்பம், இழுவைக் கயிறு. ஒவ்வொன்றையும் பொருத்திப் பார், ஒட்டாமல் எடுத்து வை. டிரம் உட்காரும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்.

கடைசியாக இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, மென்மையான பல் துலக்கும் பிரஷால் கழுவு. கைரேகை எண்ணெயும் தேய்த்த தூளும் போக வேண்டும். பித்தளைப் பாகங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடை. டேங்கின் அடியில் 1 மி.மீ. துளை ஒன்று போட்டுவை, இல்லாவிட்டால் உள்ளே புகுந்த தண்ணீர் நாள்கணக்கில் நின்று, பெயின்ட் அடிக்கும் நேரத்தில் மூட்டு வழியாக எட்டிப் பார்க்கும். ஒரு நாள் உலர்ந்தபின் கையுறையோடு எடுத்து சாம்பல் பிரைமரை மெல்லியதாக இரண்டு கோட் அடி. அதற்குப் பிறகு தெரியும் கோடுகளைப் பென்சிலால் வட்டமிட்டு, பட்டி பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர்.

பிரைமர் போட்ட டரட்டை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுத்து அனுப்பு. பச்சை எந்தப் பச்சை என்பதை அடுத்த கடிதத்தில் பேசுவோம். அம்மா உன்னை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா