செத்த ஈயை மட்டும் எண்ணினால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் ஈக்கள்தான், சிரிக்காதே. வீட்டில் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல், மற்றவர்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள், நீ மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டே வேலைக்குப் போய் வந்தாய் என்று எழுதியிருந்தாய். "எனக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி போல" என்று பெருமை வேறு. படித்ததும் என் குப்பிகள்தான் ஞாபகம் வந்தன.

பழ ஈக்களைக் கார்பன் டை ஆக்சைடில் மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வைரஸில் தோய்த்த ஊசியால் மார்பின் பக்கவாட்டில் ஒரு குத்து. இதுதான் இப்போது என் பிழைப்பு. டிரோசோஃபிலா சி என்ற வைரஸ். தாக்குப்பிடிக்காத ஈக்கள் சில நாட்களிலேயே வயிறு ஊதிச் சாகும். தினமும் காலையில் குப்பியைத் தட்டித் தட்டிச் செத்ததை எண்ணுவேன். முதல் நாள் சாவுகளைச் சேர்ப்பதில்லை, அது ஊசியின் வேலை. ஆரம்பத்தில் ஈரத் தீனியில் இறக்கை ஒட்டிச் செத்தவற்றையும் சேர்த்து எண்ணி, ஒரு வார வேலையைக் குப்பையில் போட்டேன்.

இவை அமெரிக்காவின் ராலே நகரில் பிடித்த ஈக்களின் வம்சம். உடன்பிறந்தவற்றையே 20 தலைமுறை இணைசேர்த்து உருவாக்கிய சுமார் 200 வரிசைகள். ஒரு வரிசைக்குள் எல்லா ஈயும் கிட்டத்தட்ட ஒரே அச்சு. அதனால் இந்தக் குப்பியில் சாவு அதிகம், அடுத்ததில் குறைவு என்றால் மரபணுவைச் சந்தேகிக்கலாம். 2012இல் அப்படிச் சிக்கியதுதான் இந்த வைரஸை எதிர்க்க உதவும் பாஸ்ட்ரெல் என்ற மரபணு. நூறு மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் செய்யும் வேலை என்று நினைத்திருந்த எனக்கு, ஒன்றே இவ்வளவு செய்வது இன்னும் ஆச்சரியம். ஈக்களைத் தாக்கும் இன்னொரு வைரஸான சிக்மா என்றால் கதை வேறு, அதற்கு வேறு மரபணுக்கள். (சிக்மா தாய் தகப்பனிடமிருந்து முட்டை, விந்து வழியாகவே வந்துவிடும். அது உள்ள ஈயைக் கார்பன் டை ஆக்சைடில் மயக்கினால் திரும்ப எழாது!)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிழைத்த இரண்டு ஈக்களை அரைத்து வைரஸை அளந்தால், ஒன்றில் கொஞ்சம்தான் இருக்கும். அது எதிர்த்து அடக்கிவிட்டது. இன்னொன்றில் ஏராளமாக இருக்கும், ஆனாலும் ஈ திரிந்துகொண்டிருந்தது. அது தாங்குகிறது. எண்ணிக்கைப் புத்தகத்தில் இரண்டும் ஒரே கோடுதான். பிரித்தறிய, வெவ்வேறு அளவில் வைரஸ் கொடுத்து, உடம்பில் வைரஸ் ஏற ஏற ஆயுள் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்று பார்க்க வேண்டும். சரிவு மெதுவாக இருந்தால் தாங்கும் வரிசை.

எதிர்ப்பு வேறு, தாங்குதல் வேறு என்பது ஜி9ஏ என்ற மரபணு இல்லாத ஈக்களில் பளிச்சென்று தெரிகிறது. மற்ற ஈக்களைவிட அவற்றில் வைரஸ் அதிகம் இல்லை, ஆனாலும் சீக்கிரம் சாகின்றன. அவற்றின் நோயெதிர்ப்பு கட்டுமீறிப் போய் ஈயையே கெடுக்கிறது.

ஆக, உன் மூக்குச் சளியை வைத்து உனக்கு எதிர்ப்பா, தாங்குதலா என்று என்னால் சொல்ல முடியாது. தாங்குகிற ரகமாக இருந்தால், நடமாடிக்கொண்டே அலுவலகத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்தாயோ! அடுத்த தடவை வீட்டிலேயே இரு.

உன்,
ரவி