தப்பு பேட்டரி மேல் இல்லை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னதால்தான் போன தடவை தப்பு நடந்தது. அதனால் உன் காரில் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எப்படிப் பார்ப்பது, எப்படி மாற்றுவது என்று எழுதுகிறேன். வண்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் கூப்பிட்டு, "செல்ஃப் எடுக்கலம்மா, டக் டக்குன்னு சத்தம் மட்டும் வருது" என்றாய். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒரு காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். "பேட்டரி மூணு வருஷம் ஆச்சுல்ல கண்ணு, மாத்திரு" என்றேன். நீயும் மறுபேச்சில்லாமல் மாற்றினாய். பத்தாம் நாள் புதுக்கோட்டையிலிருந்து மழையில் வரும்போது திருமயத்துக்குப் பக்கத்தில் ஹெட்லைட் மங்கி, வைப்பர் நொண்டி, வண்டி நின்றுவிட்டது. பவானியும் பாப்பாவும் உள்ளே. பேட்டரிக்குக் கொடுத்த காசைக்கூட மறந்துவிடுவேன், அந்த இருட்டில் நீங்கள் மூன்று பேரும் நின்றதுதான் உறுத்துகிறது. உன் அப்பாவோடு நாமக்கல் சேலம் ரோட்டுக் கடையில் இருபத்திரண்டு வருஷம் லாரிக்கு லாரி கார்பன் மாற்றிய கை இது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: "எஞ்சின் ஓடும்போது டாஷ்போர்டுல அந்தச் சிவப்பு விளக்கு எரியுதா?" கேட்கவில்லை.

அந்த விளக்கில் பேட்டரிப் படம் போட்டிருப்பதால் எல்லாரும் பேட்டரியைச் சந்தேகப்படுகிறார்கள். அது பேட்டரியைப் பற்றிய விளக்கு இல்லை, சார்ஜ் ஏறுகிறதா என்று சொல்லும் விளக்கு. சாவியை ஆன் செய்ததும் எரிய வேண்டும், எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. சாவி போட்டதும் எரியவே இல்லை என்றாலும் அதை விட்டுவிடாதே, பல்பு போயிருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும். அணைந்தும் அணையாமல் மினுக்கினால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போயிருக்கும்.

நம் பக்கத்தில் எல்லாரும் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உன் மாருதி 800-இல் இருப்பது ஆல்டர்னேட்டர். பெல்ட் சுற்றும்போது உள்ளே ரோட்டர் சுற்றும். அதன் காயிலுக்கு இரண்டு கார்பன் பிரஷ் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் போய் அதைக் காந்தமாக்கும். சுற்றியுள்ள ஸ்டேட்டர் காயிலில் மூன்று பேஸ் ஏசி பிறக்கும், ஆறு டயோடு அதை டிசி ஆக்கும். ரெகுலேட்டர், அதாவது நம் கடைப்பேச்சில் கட்டவுட், அதை 14 வோல்ட் பக்கத்தில் பிடித்து நிறுத்தும். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு லைட், வைப்பர், பெட்ரோல் பம்ப் எல்லாம் ஆல்டர்னேட்டர் சம்பாத்தியத்தில்தான் நடக்க வேண்டும். பேட்டரி மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. மோட்டார் கெட்டுக் கிடக்கும்போது உன்னைப் புதுத் தொட்டி கட்டச் சொன்னேன்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஹெட்லைட் ஒவ்வொன்றும் 60 வாட், இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். வைப்பர், பம்ப், இக்னிஷன், ஃபேன் சேர்ந்தால் பதினைந்து இருபதுக்குப் போய்விடும். உன் பேட்டரி 35 ஆம்பியர் மணி. சார்ஜ் இல்லாமல் மழை ராத்திரியில் ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. பத்து நாள் எப்படி ஓடியது என்று கேட்பாய். தேய்ந்த கார்பன் விட்டுவிட்டுத் தொட்டிருக்கும் என்பது என் ஊகம். வண்டி ஓடி விளக்கு எரியும்போது, பெல்ட்டில் கை படாமல், ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஆல்டர்னேட்டர் முதுகில் லேசாகத் தட்டிப் பார். விளக்கு அணைந்தால் கார்பன்தான், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

அப்பாவின் மல்டிமீட்டரையும் இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். முள்ளை 20 வோல்ட் டிசியில் வை. புது பேட்டரி இப்போது காலியாக இருக்கும், முதலில் கடையில் கொடுத்து முழுசாகச் சார்ஜ் ஏற்று. ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி. எஞ்சினைப் போட்டால் 13.8-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். 12-லேயே நின்று மெதுவாக இறங்கினால் சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் கட்டவுட் போய்விட்டது. அப்படி ஓட்டினால் பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் பெல்ட்டையும் பார். கட்டை விரலால் நடுவில் அழுத்தினால் கால் அங்குலத்துக்கு மேல், அரை அங்குலத்துக்குள் இறங்க வேண்டும். காலையில் கீச்சென்று கத்தினால் தளர்வு. உன் வண்டியில் தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, அறுந்தால் எஞ்சினும் சூடாகிவிடும். பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் வெந்நீர் விட்டுத் தேய். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரின் பெரிய வயர் முனையிலும் பேட்டரி பிளஸ்ஸிலும் தனித்தனியே வோல்ட் பார். இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் திருடன் நடுவிலுள்ள வயரில் இருக்கிறான். எர்த் வயருக்கும் இதே சோதனை. நான் பார்த்த பாதி வண்டிகளில் பத்து ரூபாய் முனைக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

அக்கம்பக்கத்தில் யாராவது "வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார், நிற்கலைன்னா டைனமோ நல்லாருக்கு" என்று சொல்வார்கள். செய்யாதே. டைனமோ காலத்தில் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார். பேட்டரியைத் திடீரென்று பிரித்தால் ஆல்டர்னேட்டர் அந்தக் கணத்தில் எண்பது, நூறு வோல்ட்கூடத் தள்ளிவிடும். பழைய கார்புரேட்டர் வண்டியில் பல்பு போகும், உன்னுடையது எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிக்கும் வண்டி, அந்தக் கம்ப்யூட்டரே போகும். நம் கடையிலேயே ஒரு கார் அப்படிப் போய், அப்பா இரண்டு மாதச் சம்பாத்தியத்தைக் கொடுத்துச் சரி செய்தார். அதுவரை என்னிடம் மறைத்தார், அது வேறு கதை.

ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வீட்டுக்குள் வை. என் இடது மணிக்கட்டில் இருக்கும் வட்டத் தழும்பைச் சின்ன வயதில் "நிலா" என்பாயே, அது தோசைக்கல் சுட்டது இல்லை. பேட்டரியைக் கழற்றாமல் ஒரு லாரியில் கை வைத்தேன். வளையல் ஆல்டர்னேட்டர் முனையையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டது. 24 வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனால் வளையல் கண் எதிரே சிவந்தது. அந்த முனையில் சாவி இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்கும். அதனால் மைனஸ்தான் முதலில் கழற்றுவது, கடைசியில் மாட்டுவது.

கழற்றுவதற்கு முன்னால் போனில் நாலு படம் எடுத்துக்கொள். ஆல்டர்னேட்டரில் செருகியிருக்கும் வயர் பிளக்கை, அதாவது கப்ளரை உருவு, பெரிய வயரின் நட்டைக் கழற்று. நீளத்துளை போட்ட பட்டையில் இருக்கும் அட்ஜஸ்ட் போல்ட்டைத் தளர்த்தினால் பெல்ட் இறங்கிவிடும், அப்புறம் கீல் போல்ட்டை உருவினால் கையில் வந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டாதே, எண்ணெய் விட்டு ஒரு காபி குடித்துவிட்டு வா.

புதிது வாங்குவதா, பழையதைச் சரி செய்வதா? காரைக்குடியிலேயே நல்ல எலக்ட்ரீஷியன் கடை இருக்கும், கழற்றியதைக் கொண்டுபோய்ப் பிரிக்கச் சொல்லிப் பக்கத்தில் நில். கார்பன் ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அது ஓடும் செப்பு வளையம் கறுத்திருந்தால் ஜீரோ நம்பர் உப்புத்தாள் போதும். இரண்டு வளையத்துக்கும் நடுவே மீட்டர் மூன்று நான்கு ஓம் காட்ட வேண்டும், வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. கார்பன், பேரிங், கட்டவுட் இவைதான் போயிருக்கின்றன என்றால் நாமக்கல்காரி நான் புதிது வாங்க மாட்டேன். காயில் கருகிய வாசனை வந்தால் மட்டும் புதிது. அப்போதும் டூப்ளிகேட் வேண்டாம். சென்னையில் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது பாடியில் கண்டக்டர் "லூகாஸ் எறங்கு" என்று கத்துவாரே, அந்த லூகாஸ் டிவிஎஸ்காரர்கள் 1961-இல் ஆரம்பித்தவர்கள், அவர்கள் சரக்கே கிடைக்கும். எதை வாங்கினாலும் பழையதையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புல்லி, போல்ட் நுழையும் காது, கப்ளர், ஆம்பியர் நான்கும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடு.

மாட்டும்போது பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்காதே, பேரிங் ஒரு மாதத்தில் ஊளையிடும். வண்டியைப் போட்டு, ஹெட்லைட், ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மீட்டரைப் பார். 13.5-க்குக் கீழே இறங்காவிட்டால் வேலை முடிந்தது. எனக்கு ஒரு போன் போடு. இந்தத் தடவை பாலை இறக்கி வைத்துவிட்டே பேசுகிறேன்.

ஒருவேளை புதிதே வாங்கும்படி ஆனால், பழையதைச் செப்புக்காகக் காயலான் கடையில் போட்டுவிடாதே. தீபாவளிக்கு வரும்போது டிக்கியில் எடுத்து வா. நான் ஒரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா